புழக்கடைப் பாசனம்: ஒரு பானையின் கணக்கு

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவன் ஒருவன் எழுதியது

உழவு என்ற சொல்லைக் கேட்டவுடன் ஏரும் எருதும் நம் கண்முன் தோன்றும். இன்றைக்கானால் டிராக்டர் தோன்றும். வள்ளுவப் பெருந்தகை உழவுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். வேளாண் நூல்களும் ஏக்கர், எக்டேர் என்றே கணக்குப் பேசுகின்றன. ஆனால் நம் ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பேருந்தேறிக் கல்லூரிக்கு வருவோரில் பலருக்கு ஏக்கர் என்பது அடுத்தவர் நிலத்தின் பெயர். நமக்கு உள்ளது வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட், மிஞ்சினால் இரண்டு சென்ட். அந்தப் புழக்கடையில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறியில் பாதியையாவது விளைவிக்க முடியுமா, அதற்கு எந்தக் கருவி வேண்டும், எந்த நுட்பம் வேண்டும் என்பதைப் பற்றி, எனக்குத் தெரிந்தவரையில் எழுத விழைகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் விவசாயக் கூலி வேலை செய்கிறவர்கள். நடவு, களை, மணிலாக் கொட்டை பறிப்பு என்று ஊரார் நிலத்தில் எல்லா வேலையும் அறிந்தவர்கள். எங்கள் சொந்த மண் ஒன்றரைச் சென்ட். அதாவது ஏறக்குறைய 650 சதுர அடி. (எங்கள் வட்டாரத்தில் ‘கொல்லை’ என்றால் மானாவாரி நிலம் என்று பொருள். ஆகையால் வீட்டுப் பின்புறத்தை அப்படிச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். புழக்கடை என்றே எழுதுகிறேன்.) சந்தையில் காய் விலை ஏறும் வாரங்களில் எங்கள் வீட்டுக் குழம்பில் காய் குறையும். காய் விலை பெரும்பாலும் ஏறுவது தண்ணீர் இல்லாத காலத்தில். அந்தக் காலத்தில் புழக்கடையும் காய்ந்து கிடக்கும். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு உரத்தையும் விதையையும்விடத் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கல்லும் செம்மண்ணும்

திருவண்ணாமலை வட்டாரத்துக்கு மழை இல்லாமல் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஏறக்குறையச் சம பங்காக அதைக் கொண்டு வருகின்றன. பெய்த மழை நிற்பதில்லை என்பதுதான் நம் குறை. நம் காலடியில் இருப்பது கடினப் பாறை. 2,668 அடி உயர்ந்து நிற்கும் மலையே அதற்குச் சாட்சி. இத்தகைய பாறையில் நீர் தங்குவது வெடிப்புகளிலும் சிதைந்த மேலடுக்கிலும் மட்டுமே. எனவேதான் ஒரு வீட்டுக் குழாய்க் கிணற்றில் நீர் இருக்கும்போது அடுத்த வீட்டில் வெறுங்காற்று வருகிறது. பாறைமேல் படர்ந்திருக்கும் செம்மண்ணோ மணல் மிகுந்தது. ஊற்றிய நீர் விரைந்து கீழே இறங்கிவிடும். மேலே எஞ்சியதைப் பங்குனி வெயில் உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 300 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஆண்டு மழையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் அந்தக் கூரையிலிருந்து மட்டும் 22,000 லிட்டர் இறங்குகிறது. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கலாம். அன்று வைத்த குழாய்கள் பல வீடுகளில் இன்று உடைந்து தொங்குகின்றன. அந்தக் குழாயின் வாயைப் புழக்கடைப் பக்கம் திருப்பி, ஒரு குழியில் இறக்கினாலே மண்ணின் அடியீரம் சில வாரங்கள் கூடுதலாக நிற்கும். எனினும் மழைக்காலத்து நீரைச் சித்திரை வரை நிறுத்திவைக்கும் தொட்டி கட்ட நம்மைப் போன்றோரிடம் பணம் இல்லை. ஆதலால் கோடையில் கிடைக்கும் சில குடம் நீரை எப்படிச் செலவிடுவது என்பதே நம் கேள்வியாகிறது.

மண்பானை என்னும் கருவி

சீன நாட்டில் ஃபான் ஷெங்ஷி என்பவர் பெயரால் வழங்கும் வேளாண் நூல் ஒன்று உண்டு. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. குழியின் நடுவே மண்சாடியைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, சுற்றி நான்கு முலாம்பழ விதை ஊன்றி, சாடியின் வாயை ஓட்டால் மூடி வைக்குமாறு அந்நூல் கூறுகிறது. நம் நாட்டில், 1969இல் தொடங்கப்பட்ட கர்னால் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் இம்முறையை உவர் நிலத்தில் காய்கறி விளைவிக்கச் சோதித்தார்கள். இஸ்ரேல் நாட்டில் சிம்கா பிளாஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய பிளாஸ்டிக் சொட்டுநீர்க் குழாய் 1960களில் விற்பனைக்கு வந்தது. அந்தக் குழாயும் இந்தப் பானையும் செய்ய முனைவது ஒரே வேலை: வேர் இருக்கும் இடத்துக்கு, வேருக்கு வேண்டிய அளவில், மெல்ல மெல்ல நீர் தருவது. குழாய்க்கு அழுத்தம் வேண்டும், வடிகட்டி வேண்டும். பானைக்கு நாளை மறந்துவிடாத ஓர் ஆள் போதும்.

எங்கள் ஆயா, கழுத்துடைந்த பழைய குடத்தைச் சுரைக்கொடியின் தூரில் பதித்து நீர் ஊற்றுவார். “ஊத்தற தண்ணி மேல போவாம வேருக்குப் போவும்” என்பார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் வெற்றிலையை எடுத்துக்கொள்வார். அந்த விளக்கம் எனக்கு முதலாண்டு இயற்பியல் வகுப்பில் நுண்புழை ஏற்றம் பற்றிய பாடத்தில் கிடைத்தது.

மண்பாண்டம் சூளையில் சுடப்படும் வெப்பத்தில் களிமண் கெட்டிப்படுமேயன்றி, பீங்கானைப் போல உருகிக் கண்ணாடித் தன்மை அடைவதில்லை. துகள்களுக்கு இடையே நுண்துளைகள் நின்றுவிடுகின்றன. கோடையில் மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருப்பதற்கும் இத்துளைகளே காரணம். துளை வழியே கசிந்த நீர் வெளிச்சுவரில் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதே பானையை மண்ணில் புதைத்துவிட்டால் கசியும் நீர் காற்றுக்குப் போகாமல் மண்ணுக்குப் போகிறது. இனி இதில் உள்ள நயத்தைக் கவனிக்க வேண்டும். வறண்ட மண்ணுக்கு உறிஞ்சும் வலிமை அதிகம். ஈர மண்ணுக்குக் குறைவு. பானையைச் சுற்றிய மண் காய்ந்தால் நீர் விரைந்து வெளியே இழுக்கப்படும். மண் நனைந்திருந்தால் கசிவு தானே மந்தமாகும். செடி குடிக்கக் குடிக்க மண் காயும், காயக் காயப் பானை கொடுக்கும். மின்சாரமும் திருகும் இன்றித் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஒரு கருவியைக் குயவர் சக்கரம் எத்தனையோ நூற்றாண்டுகளாக உருவாக்கி வருகிறது. நாம் அதைச் சமையற்கட்டிலும் திண்ணையிலும் மட்டும் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டோம்.

இதிலிருந்து பானை தேர்வு செய்யும் வழியும் விளங்கும். வீட்டில் தண்ணீரை நன்றாகக் குளிரவைத்த பானையே தோட்டத்துக்கு நல்ல பானை. பல ஆண்டு உழைத்து, இப்போது தண்ணீர் குளிர்வதில்லை என்று ஒதுக்கிவைத்த பானை தோட்டத்துக்கும் உதவாது. அதன் துளைகள் அடைபட்டுவிட்டன. வர்ணம் பூசியது, எண்ணெய் ஏறிய குழம்புச்சட்டி ஆகியவையும் கூடா. ஐயமிருந்தால் புதுப் பானையில் நீர் நிரப்பி நிழலில் வையுங்கள். சில மணி நேரத்தில் வெளிப்புறம் முழுதும் வியர்த்தாற்போல ஈரமாக வேண்டும். சொட்டுச் சொட்டாக ஒழுகக் கூடாது. ஒழுகினால் எங்கோ கீறல் உண்டு.

புதைக்கும் முறை எளிது. பானையின் அகலத்தைப் போல் இரு மடங்கு அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள குழி வெட்டி, எடுத்த மண்ணோடு மக்கிய எருவும் ஏரி வண்டலும் கலந்து, பானையை நிறுத்திச் சுற்றிலும் இறுக்கமாக நிரப்ப வேண்டும். பானைச் சுவரும் மண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். இடையில் காற்று நின்றால் நுண்புழைத் தொடர்பு அறுந்துவிடும். கழுத்து மட்டும் இரண்டு விரற்கடை வெளியே தெரியலாம். அதற்குச் சுண்ணாம்பு பூசினால் வெயிலும் தாக்காது, இருட்டில் கால் இடறவும் செய்யாது. இரண்டு நாள் நீர் நிரப்பி வைத்து மண் ஈரமான பிறகு, பானைச் சுவரிலிருந்து ஒரு சாணுக்குள் நாற்றை நட வேண்டும். ஒரு பானைக்கு நான்கு கத்திரியோ, நான்கு தக்காளியோ, இரண்டு கொடியோ போதும். அடுத்த பானை நான்கடி தள்ளி.

வாயை மூடுவது பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில்தான் முட்டையிடும். திறந்த பானை கொசுவுக்குக் கட்டிக்கொடுத்த வீடு. துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் மண்மூடி வைப்பது நல்லது. சீன நூலார் ஓட்டால் மூடச் சொன்னது ஆவியாவதைத் தடுக்க. நமக்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

பதினைந்து குடம்

சென்ற பங்குனியில் எங்கள் புழக்கடையில் அருகருகே இரண்டு பாத்தி அமைத்தோம். இரண்டிலும் ஒரே நாற்றங்காலிலிருந்து எடுத்த நான்கு கத்திரிச் செடிகள். ஒன்றுக்கு அம்மா வழக்கம்போல நாள்தோறும் ஒரு வாளி, அதாவது பத்து லிட்டர் ஊற்றினார். மற்றதன் நடுவே ஏழு லிட்டர் கொள்ளும் பானை. அதில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒரு குச்சியில் கோடு போட்டு நானும் தங்கையும் அளந்தோம். மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமாக இருந்தது. ஆக, மாதத்துக்கு ஒரு பாத்திக்கு 300 லிட்டர், மற்றதற்கு 70 லிட்டர். காய்ப்பில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. களையில் இருந்தது. பானைப் பாத்தியின் மேல்மண் காய்ந்தே கிடந்ததால் களை விதைகள் முளைக்க ஈரம் கிடைக்கவில்லை.

இதை நான் ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஒரு பானையையும் ஒரு பாத்தியையும் கொண்டு அறிவியல் முடிவு எழுதினால் என் பேராசிரியர்கள் சிவப்பு மையைத் தேடுவார்கள். ஆனால் என் வீட்டுக்கு அது போதும். மிச்சமான 230 லிட்டர் என்பது ஏறக்குறையப் பதினைந்து குடம். தெருக்குழாயிலிருந்து அம்மா இடுப்பில் சுமந்து வரும் குடம். நான்கு பானை வைத்தால் மாதம் அறுபது குடம். பகலெல்லாம் குனிந்து களையெடுத்துவிட்டு மாலையில் அறுபது குடம் சுமப்பதற்கும் சுமக்காமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை லிட்டரில் சொல்லத் தெரியவில்லை.

குறைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். கீரைக்கு இம்முறை பொருந்தாது. நெருக்கமாக விதைத்து மேல்மண்ணில் வேர்விடும் பயிருக்குப் பூவாளியே ஏற்றது. நம் ஊர்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடின நீர். ஓரிரு பருவத்தில் பானைத் துளைகளில் சுண்ணாம்பு படிந்து கசிவு குறையும். அப்போது தோண்டி எடுத்துப் புளிக்கரைசலில் ஊறவைத்துத் தென்னை நாரால் தேய்த்தால் ஓரளவு சரியாகும். புளியின் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது வேதியியல் மாணவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி கழுவிய நீரைப் பானையில் ஊற்றக்கூடாது. புளித்து, துளையை அடைக்கும். அதை நேரே செடித் தூரில் ஊற்றலாம். துணி துவைத்த நீரை இரண்டிலும் ஊற்றாமல் இருப்பது நலம். சலவைத் தூளிலுள்ள சோடியம் மண்ணின் களித்துகள்களைப் பிரித்து, காய்ந்தபின் தளவரிசை போல இறுக்கிவிடும். வாழைக்கு விடுகிறோமே என்பார்கள். அந்த வாழையடி மண்ணைக் கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

மூடாக்கும் மண்ணும்

பானை வைக்க இயலாத இடத்தில் மூடாக்கு கைகொடுக்கும். மண்ணின் மேல் நான்கு விரற்கடை கனத்துக்குச் சருகு, கரும்புத் தோகை, வேர்க்கடலைத் தோல், எது கிடைக்கிறதோ அதைப் பரப்பிவிடுவது. வெயில் மண்ணில் படாது. காற்று ஈரத்தைத் துடைக்காது. மழைத்துளி நேரே அடித்து மண்ணை அரிக்காது. ஜப்பானின் மசனோபு ஃபுகுவோகா, வைக்கோலை வயலிலேயே பரப்பும் தம் முறையை 1975இல் நூலாக எழுதியபின் உலகமே அதைப் பேசியது. நம் நாட்டில் கோ. நம்மாழ்வார் அவர்கள் (1938–2013) கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பார்த்த அரசு வேலையைத் துறந்து, ஊர் ஊராகச் சென்று மூடாக்கைப் பற்றிப் பேசினார். செம்மண்ணில் கரையான் உண்டு. ஆகையால் செடித் தண்டை ஒட்டி நான்கு விரற்கடை இடம் விட்டுப் பரப்புவது நல்லது.

மணற்பாங்கான செம்மண்ணுக்குக் களிச்சத்து வேண்டும். அது ஏரியில் கிடக்கிறது. நம் முன்னோர் கோடையில் ஏரி வண்டலை வண்டியிலேற்றி நிலத்தில் கொட்டினார்கள். ஏரியும் ஆழமாயிற்று, நிலமும் கொழுத்தது. 2017இல் தமிழக அரசு ஏரி, குளங்களிலிருந்து கட்டணமின்றி வண்டல் எடுத்துக்கொள்ள அனுமதித்தது. 2024இல் அந்த அனுமதியை வட்டாட்சியரிடமே பெறலாம் என்று எளிதாக்கியது. வேளாண்மைக்கு மட்டுமின்றி மண்பாண்டத் தொழிலுக்கும் அவ்வாறு மண் எடுக்கலாம். புழக்கடைக்கு டிராக்டர் வண்டல் தேவையில்லை. பக்கத்து நிலத்துக்குப் போகும் சுமையிலிருந்து பத்துக் கூடை கேட்டு வாங்கினால் நான்கு பானைக் குழிக்குப் போதும்.

எருவுக்கு வருவோம். அண்ணாமலையார் அருளால் நம் ஊரில் மாலைக்குப் பஞ்சமில்லை. பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் கூட்டம் சாமிக்குச் சாத்தும் மாலையும், கல்யாண மண்டபத்து மாலையும், ஆயுத பூசைக்கு லாரி நெற்றியில் தொங்கும் மாலையும் மறுநாள் குப்பைதான். பூவும் காய்கறித் தோலும் நைட்ரஜன் மிகுந்த ஈரக் குப்பை. அதை மட்டும் குவித்தால் அழுகி நாறும். கரிமம் மிகுந்த காய்ந்த சருகைக் கூடையளவில் இரண்டு பங்குக்கு மேல் சேர்த்து, பிழிந்தெடுத்த துணியளவு ஈரத்தில் வைத்தால் உள்ளே சூடேறி, பத்துப் பன்னிரண்டு வாரத்தில் மண்வாசனையோடு மக்கிவிடும். மாலையில் ஒரு சிக்கல் உண்டு. வாழைநாரில் கட்டியது நாரோடு மக்கும். நைலான் நூலும் சரிகையும் எத்தனை ஆண்டானாலும் அப்படியே வரும். உட்கார்ந்து பிரித்தெடுக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: அரளி மாலையை மாடு, ஆடு எட்டும் இடத்தில் போடாதீர்கள். அரளியின் எல்லா உறுப்பும் நஞ்சு. குவியலில் மக்கும்போது அந்த நஞ்சு சிதைந்துவிடும்.

மண்புழு பற்றி எழுதத் தொடங்கினால் இக்கட்டுரை நீளும். சார்லஸ் டார்வின் தம் இறுதி நூலை 1881இல் மண்புழுக்களைப் பற்றியே எழுதினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் அவற்றின் உடல்வழியே மேலே வருகிறது என்று கணக்கிட்டார். சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராயிருந்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் நாட்டு மண்புழு இனங்களைக் கொண்டே உரம் தயாரிக்கலாம் என்று ஆய்ந்து காட்டினார். கடையில் விற்கும் புழுக்களிற் பல ஆப்பிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தவை. மூடாக்குப் போட்டு ஈரம் காத்தால் நம் புழுக்கள் அழைக்காமலே வரும். விலை கொடுக்க வேண்டியதில்லை.

இரும்பும் காம்பும்

கருவி என்றவுடன் கடையில் பளபளக்கும் சிறு கரண்டியும் முள்கரண்டியும் அடங்கிய பெட்டியை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் செம்மண் காய்ந்தால் அவற்றின் கழுத்து முதல் வாரத்திலேயே வளையும். புழக்கடைக்கு வேண்டியவை நான்கு: குழி தோண்டக் கடப்பாரை, மண் அள்ள மண்வெட்டி, களைக்கொத்து, அறுக்கப் பன்னரிவாள். இவற்றையும் உள்ளூர்க் கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்வதே மேல். லாரியின் பழைய பட்டை வில்லைத் துண்டித்து அடித்த களைக்கொத்து, வாங்கும் மெல்லிய தகட்டைவிடப் பன்மடங்கு உழைக்கும். பட்டை வில்லுக்குரிய உருக்கில் கரிமம் போதிய அளவு இருப்பதால் அதைத் தீட்டினால் கூர் நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரத்தால் ஒரு பக்கம் மட்டும் தீட்டுவது போதுமானது. கூரிழந்த கொத்தால் களையெடுப்பவர் களையை வெட்டுவதில்லை, பிடுங்குகிறார். அவ்வளவு உழைப்பும் தோளில் விழுகிறது.

பெண்கள் கையிலுள்ள களைக்கொத்தின் காம்பு ஒரு முழத்துக்கு மேல் இருப்பதில்லை. அதைக்கொண்டு நாள் முழுதும் குனிந்தோ குந்தியோதான் வேலை செய்ய இயலும். நெல் வயலில் செம்மை நெல் சாகுபடி வந்தபின் நின்றபடி உருட்டும் களைக்கருவி வந்தது. புழக்கடைக்கு யாரும் எதுவும் கண்டுபிடித்துத் தரவில்லை. பட்டறையில் இருப்பவரிடம், இலையின் சரிவைச் சற்று மாற்றி, நாலரையடி மூங்கிற் காம்பு பொருந்துமாறு குழல் வைத்து அடித்துத் தரச் சொன்னேன். “இது இன்னா துடைப்பமா?” என்று கேட்டுக்கொண்டே அடித்துக் கொடுத்தார். இந்த நீண்ட கொத்தை ஓங்கக் கூடாது. மண்ணின் மேற்பரப்புக்கு அரை விரற்கடைக் கீழே சீவியவாறு தன்பக்கம் இழுக்க வேண்டும். களை இரண்டிலைப் பருவத்தில் இருக்கும்போதே இதைச் செய்தால் பத்து நிமிடத்தில் ஒரு பாத்தி முடியும். மேல்மண் பொடியாவதால் ஈரம் ஏறிவரும் நுண்புழைகளும் அறுபட்டு, அடியீரம் காக்கப்படும். அம்மா முதல் வாரம் அதைத் தொடவில்லை. இரண்டாம் வாரம் அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

அப்பாவுக்கு இதில் மனத்தாங்கல். “ஏம்பா, நாங்க மண்ணுல கெடந்தது போதாதா? நீயும் படிச்சுட்டு வந்து இதையே நோண்டறியே?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பிறர் நிலத்தில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவருக்கு மண்வெட்டி என்பது வேறு பொருள். நான் பதில் பேசவில்லை. பானையில் இறங்கிய நீரை அளக்கும் குச்சியை அவரிடம் கொடுத்தேன். சில நாளில் அவரே பார்த்துவிட்டு, “இன்னிக்கு ரெண்டு கோடு எறங்கியிருக்கு, மேக்கால காத்து” என்று சொல்லத் தொடங்கினார். காற்று வீசும் நாளில் இலைகள் நீராவிப்போக்கைக் கூட்டும் என்று எங்கள் பாடநூலில் உள்ளது. அவர் குச்சியில் படித்தார்.

பூவும் விதையும்

தாவரவியல் மாணவன் என்ற முறையில் ஒரு சொல். ‘கொடி பூக்கிறது, காய்க்கவில்லை’ என்ற குறை எல்லா வீட்டிலும் கேட்கிறது. பூசணி, சுரை, பீர்க்கு ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் பிஞ்சு போன்ற சூற்பை இருக்கும். வண்டும் தேனீயும் குறைந்த இடத்தில் மகரந்தம் போய்ச்சேராமல் பிஞ்சு மஞ்சளித்து விழும். அப்போது நாமே ஆண்பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண்பூவின் சூல்முடியில் தடவலாம். இதற்கு நேரம் முக்கியம். பூசணி விடியலில் மலரும்; வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். சுரையும் பீர்க்கும் மாலையில் மலர்பவை. காலையில் போய்த் தடவினால் பயனில்லை. விதை எடுப்பதிலும் இதே அறிவு உதவும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையவை. நல்ல செடியின் விதை ஏறக்குறைய அதே குணத்தில் வரும். சுரை விதை அப்படியன்று. அடுத்த வீட்டுக் குடுவைச் சுரையின் மகரந்தம் நம் நீளச் சுரையில் விழுந்திருக்கலாம். விதைக்கென்று விடும் பெண்பூவை முதல் நாளே மலருமுன் நூலால் கட்டி, மறுநாள் நம் ஆண்பூவால் தடவி, மீண்டும் கட்டிவிட்டால் கலப்பு நேராது.

முருங்கை வைப்போர் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வெளியான பி.கே.எம்.1 என்னும் விதை முருங்கையைக் கேட்டு வாங்கலாம். விதைத்த ஓராண்டுக்குள் காய்க்கும். மரக்கன்றுக்கு முதலிரண்டு கோடையைத் தாண்டுவதே பாடு. அதன் அருகிலும் ஒரு பானையைப் புதைத்துவிட்டால் கவலையில்லை. வேர் ஆழமாக இறங்கியபின் பானையை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் வேர் பருத்துப் பானையைப் பிளக்கும். நம் மாவட்டத்திலேயே வாழவச்சனூரில் 2014 முதல் அரசு வேளாண்மைக் கல்லூரி இயங்குகிறது. அங்கே பயிலும் நண்பர்களிடம் நம் மண்ணுக்கேற்ற காய்கறி இரகங்களைக் கேட்டறியலாம்.

பானை வேண்டுவோர்க்குக் காலம் பற்றி ஒரு குறிப்பு. ஆவணி, புரட்டாசி முதல் கார்த்திகைத் தீபம் வரையில் மண்பாண்டத் தொழிலாளர் அகல் செய்வதில் முனைந்திருப்பார்கள். அதன்பின் பொங்கல் பானை. அப்போது போய்த் தோட்டத்துப் பானை கேட்டால் அவர்களுக்கு நேரமிராது. பொங்கல் கழிந்த பிறகு போக வேண்டும். வயிறு அகன்று கழுத்துக் குறுகியதாக, வர்ணமும் மெருகும் இல்லாமல், மணல் சற்றுக் கூடுதலாகக் கலந்து வனையுமாறு சொல்ல வேண்டும். கழுத்து விளிம்பு சிறிது கோணினாலும் பரவாயில்லை என்றால் விலையையும் குறைத்துக்கொள்வார்கள். தைப்பட்டத்து நாற்று தயாராகும் வேளையில் அதுவும் சூளையிலிருந்து வந்துவிடும். மாசியில் புதைத்தால் பங்குனி வெயிலுக்குள் செடி வேர் பிடித்துக்கொள்ளும்.